நான்காவது வெட்டு

மார்ச் மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். முந்தின நாள் பிடித்த மழை விட்டிருந்தது. மேகம் மட்டும் போக மனமில்லாமல் கூரைகளுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. தையல் கடையின் வெட்டு மேசையில் நீலத் துணி பன்னிரண்டு மடிப்பாக விரிந்து கிடந்தது. அதன்மேல் சாக்குக் கட்டியால் போட்ட கோட்டின் வழியே கத்தரிக்கோல் பாதித் தூரம் போயிருந்தபோது தபால்காரர் வாசலில் நின்று, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய கடிதம் ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். பாதி வெட்டில் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது என்பது அந்த மேசையின் சட்டம். எடுத்தால் பன்னிரண்டு கால்சட்டைகளும் அதே இடத்தில் பல்லைக் காட்டும். ஆகவே அவள் தலையைத் தூக்காமலே, முழங்காலில் இருக்கிறேன், கணுக்கால்வரை போய்விட்டு வருகிறேன் என்றாள். தபால்காரர் காத்திருந்தார். அந்தத் தெருவில் அவளுக்காகக் காத்திருப்பது எவருக்கும் புதிதல்ல.

அவளுக்கு வயது இருபத்தேழு. துணியை வெட்டுவதாலும், வளவளவென்று பேசுபவர்களைப் பாதியில் வெட்டுவதாலும் ஊரில் அவளுக்குக் கத்திரி என்று பெயர் விழுந்திருந்தது. பெற்றோர் வைத்த பெயர் அடையாளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. கணுக்காலை முடித்துக்கொண்டு, விரலில் ஒட்டிய சாக்குப் பொடியை மேலங்கியில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கடிதம் படைப் பதிவு விசாரணை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. அவளுடைய மூன்றாவது மனு ஏற்கப்பட்டிருக்கிறது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வர வேண்டும். குறிப்பிட்ட படைவீரரிடமிருந்து வந்த கடிதங்கள் அனைத்தையும் உடன் கொண்டுவர வேண்டும். மனுதாரருக்கும் படைவீரருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் யாரோ அளவுகோல் வைத்து ஒரு நேர்கோடு இழுத்திருந்தார்கள். கோடு மிக நேராக இருந்தது என்பதை அவள் கவனித்தாள்.

முதலாளி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விசாரித்தார். ராணுவத்துக்கே அளவெடுக்கப் போகிறாயா என்று கேட்டார். கூப்பிட்டுவிட்டார்கள், போய்த்தான் ஆக வேண்டும் என்றாள் அவள். போகும்போது வாயைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போ, திரும்பி வந்ததும் தருகிறேன் என்றார் முதலாளி.

போர் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. நகராட்சிக் கட்டடத்தின் சுவரில் மூன்று பட்டியல்கள் ஒட்டப்பட்டிருந்தன: மாண்டவர்கள், காணாமற்போனவர்கள், பணியிலிருந்து ஓடியவர்கள். முதல் இரண்டின் கீழே மக்கள் பூ வைத்தார்கள். மூன்றாவதன் கீழே துப்பினார்கள். மூன்றாவதில் ஏழு பெயர்கள். ஐந்தாவது பெயரை நீக்கச் சொல்லித்தான் கத்திரி மனுப் போட்டிருந்தாள்; அதற்கு உரியவனை ஊர் பலகைக்காரன் என்று அழைத்தது. கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவது அவன் தொழில். மருந்துக் கடை, செருப்புக் கடை, சைக்கிள் கடை, பள்ளிக்கூட வாசல் என்று கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அவன் கையெழுத்தை வாசித்துக்கொண்டே நடக்கலாம். பட்டியல் ஒட்டப்பட்ட வாரத்தில் செருப்புக் கடைக்காரர் தம் பலகைக்கு மேல் வெள்ளை அடித்தார். தையல் கடைப் பலகையின்மீது இரண்டு முறை சேறு விழுந்தது. இரண்டு முறையும் கத்திரி நாற்காலி போட்டு ஏறி, தெருவே பார்க்கும்படி, அவசரமில்லாமல், ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்தாள். மூன்றாவது முறை சேறு விழவில்லை.

அவன் அவளுக்கு எழுதியவை முப்பத்திரண்டு கடிதங்கள். முகாமின் விதிப்படி கடிதத்தில் ஆள் பெயரோ, ஊர்ப் பெயரோ, தேதியோ இருக்கக் கூடாது. இருந்தால், தணிக்கை அலுவலகம் அந்த இடத்தைப் பிளேடால் அறுத்தெடுத்துவிட்டு, எத்தனை இடங்களில் அறுத்தது என்பதை உறையின் மூலையில் சிவப்பு மையால் குறித்து அனுப்பும். பட்டப்பெயர்களை மட்டும் அது பெயராக எடுத்துக்கொள்ளாது. கடிதத்தைத் தூக்கிப் பிடித்தால் சின்னச் சின்னச் சன்னல்களின் வழியே எதிர்ச் சுவர் தெரியும். விதி தெரிந்தும் அவன் மீறிக்கொண்டே இருந்தான். ஒரு கடிதம் பதினோரு சன்னல்களுடன் வந்தது. அதற்கு அடுத்ததில் எழுதியிருந்தான்: "கத்திரி, சென்ற கடிதத்தில் உன்னைப் பற்றி எழுதியது எதுவும் அறுபடவில்லை என்று நம்புகிறேன். அறுப்பவன் கொஞ்சம் ரசிகனாக இருந்துவிட்டால் அதையும் எடுத்து வைத்துக்கொள்வான் என்ற பயம் எனக்கு உண்டு."

இன்னொன்றில்: "இங்கே நான் எழுதும் பலகைகள் மூன்றுதான். நில். இந்தத் தண்ணீரைக் குடிக்காதே. இதற்கு மேல் போகாதே. மூன்றையும் அழகாகத்தான் எழுதுகிறேன். ஒருவரும் மதிப்பதில்லை." வேறொன்றில்: "பயம் எப்போது வரும் என்று கேட்டிருந்தாய். குண்டு விழும்போது வருவதில்லை. அப்போது அதற்கு நேரம் கிடையாது. பிறகு காலுறையை உலரப் போடும்போது வரும். ஈரக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்கிறேன்." பன்னிரண்டாவது கடிதத்திலிருந்து அவனுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. "இங்கே பாதிப் பேருக்கு எழுத வராது. மீதிப் பேருக்கு எழுத வரும், சொல்ல வராது. இரண்டு தரப்பும் என்னிடம் வருகிறார்கள். இந்த வாரம் ஆறு மனைவிகளுக்கும் ஒரு மாமியாருக்கும் எழுதினேன். மாமியாருக்கு எழுதியதில்தான் முதுகு ஒடிந்தது."

வியாழக்கிழமை அவள் ஒரு பைநிறைய உறைகளுடன் போனாள். உறைகள் மட்டும்; கடிதங்களை இன்னோர் அலுவலகமும் வாசிக்க அவள் விடுவதாக இல்லை. விசாரணை அதிகாரி ஐம்பது வயதுக்காரர். எதையும் இரண்டு முறை வாசிப்பவர். அவர் மேசையில் கோப்பும் பேனாவும் தாளும் ஓரத்துக்கு ஓரம் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. வேறோர் இடத்தில் சந்தித்திருந்தால் அவளுக்கு அவரைப் பிடித்திருக்கும். அவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். தணிக்கையில் பிடித்து வைத்த கடிதம் என்றார். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, உறையும் தொலைந்துவிட்டது. ஆனால் கையெழுத்து இருந்தது.

"நிலவில்லாத இரவு வரும் வாரம். அன்று இதையெல்லாம் விட்டுவிட்டு வந்துவிடுவேன். சுட்டால் சுடட்டும். நிலையத்தில் என் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு, ரயில் நகர்ந்த பிறகும் விடாமல் அழுதுகொண்டே கூட நடந்தாயே, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கதவைத் தாழ் போடாதே."

நிலவில்லாத அந்த இரவில்தான் பலகைக்காரன் காணாமற்போனான். அன்று அவனுக்குக் காவல் முறை இல்லை. கூடாரத்தைவிட்டு வெளியே வர எந்தக் கட்டளையும் இல்லை. ஆகவே ஓடினான். அதிகாரி இதைக் குரலை உயர்த்தாமல், கணக்கு வாத்தியார் விடை சொல்வதுபோல் சொன்னார்.

அவள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தாள். எழுத்து ஒவ்வொன்றும் அவனுடையது. வார்த்தை ஒன்றுகூட அவனுடையதல்ல. அவனாக இருந்தால் சுட்டால் சுடட்டும் என்று எழுதிய கையோடு, குறி தவறாமல் சுடத் தெரிந்தவன் இங்கே இல்லை என்றும் ஒரு வரி சேர்த்திருப்பான். நிலையம் என்ற இடத்துக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தோராவது கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது. இந்தக் கடிதம் யாருடையது என்பது அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"இது எனக்கு எழுதினது இல்லை சார்."

"கையெழுத்து அவரோடதுதானே?"

"ஊர்ல பாதிக் கடைப் பலகை அவன் எழுதினதுதான். அதனால கடையெல்லாம் அவனுதாயிடுமா?"

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"அப்போ இது யாருக்காக எழுதினது?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். படியிறங்கும்போதுதான் அது அவளுக்குத் தோன்றியது. அதற்குள் அதிகாரி தம் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டிருந்தார். உறைகள் சாட்சியாகா. கடிதம் இன்னொருவருடையது என்றால் அந்த இன்னொருவர் யார் என்று சொல்ல வேண்டும். அல்லது, அவளுக்கு எழுதியதல்ல என்பதற்கு எழுத்தில் ஒன்றும் ஆளாக ஒன்றுமாக இரண்டு சாட்சிகள் வேண்டும். நிலையத்துக்கு நான் போகவே இல்லை என்று அவள் சொன்னாள். அதை அவளே சொன்னால் போதாது என்றார். செவ்வாய்க்கிழமை இருபத்துநான்காம் தேதி கடைசி நாள். அதன் பிறகு பட்டியல் கல்லில் வெட்டப்படும்.

சனிக்கிழமை மத்தியானம் நெட்டையன் கடைக்கு வந்தான். இரண்டு ஊன்றுகோல்கள், ஒரு கால். வாசல் நிலைக்குக் குனிந்து உள்ளே வரும் ஒரே வாடிக்கையாளன் அவன்தான். கால் போன பிறகும் உயரம் போகவில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். பலகைக்காரனுடன் ஒரே கூடாரத்தில் இருந்தவன். அந்த இரவுக்கு ஒன்பது நாள் கழித்துக் காலை இழந்தவன். புதுக் கால்சட்டைகள் இரண்டின் இடது காலை முழங்காலுக்குக் கீழே மூடித் தைக்க வேண்டும் என்றான். அவள் அளவு நாடாவுடன் தரையில் மண்டியிட்டாள். அந்த ஊரில் பலகைக்காரனைப் பற்றித் தாழாத குரலில் பேசும் ஆள் அவன் ஒருவன்தான். அன்றும் பேசினான். பலகைக்காரன் காணாமற்போன இரவின் காவல் முறை உண்மையில் தன்னுடையது என்றான். காய்ச்சல் என்று படுத்துவிட்டேன்; நீ படு, நான் நிற்கிறேன் என்று துப்பாக்கியை என் கையிலிருந்து அவனே வாங்கிக்கொண்டு போனான்; மருத்துவமனையில் இதைச் சொன்னபோது, ஜன்னி கண்டவன் பேச்சு என்று எழுதாமல் விட்டுவிட்டார்கள். பிறகு, அவள் கேட்காமலே, வேறொன்றும் சொன்னான்.

"ஒரு தடவை அவனை வெச்சு வீட்டுக்கு ஒரு லெட்டர் எழுதினேன். என்னென்னமோ உளறியிருந்தேன். வீட்டுல இன்னிவரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்ல மனசு."

கடிதம் போய்ச் சேரவே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. அவள் நாடாவை முழங்காலில் வைத்து, பதினாறே கால் என்று சொல்லி, தானே புத்தகத்தில் குறித்தாள். காவல் முறையை மாற்றிக்கொண்டதை அவன் வந்து சொன்னால் போதுமே என்று ஒரு கணம் நினைத்தாள். வந்தால் அந்த மேசையில் அந்தக் கடிதத்தை அவன் பக்கம் திருப்பி வைப்பார்கள். அவனுக்குப் பொய் சொல்ல வராது. கேட்டால் அவன் வருவானா, மாட்டானா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் விரும்பவுமில்லை. சிலரைச் சோதித்துப் பார்க்காமல் விடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. வெள்ளிக்கிழமை தயாராகிவிடும் என்று சொல்லி அனுப்பினாள். அவன் குனிந்து வெளியேறிய பிறகுதான் அவளுக்கு இன்னொன்று புரிந்தது. ஓடுவேன் என்று சொல்லி எழுதவைத்தவன், சொன்ன இரவில், துப்பாக்கியோடு வெளியே நிற்கும் முறை வந்தவன். அவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு பலகைக்காரன் போனது காய்ச்சலுக்காக அல்ல.

ஆள் சாட்சி என்று ஊரில் இருந்தது ஒருவர்தான்: அவன் அம்மா. பிரசவ வார்டில் முப்பது ஆண்டுகளாக ஆயா. கத்திரி அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அத்தை இரண்டு ஆண்டுகளாக அவளை எதுவென்றும் கூப்பிடுவதில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டபோதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே போட்டாள். மகன் போருக்குப் புறப்பட்ட காலையில் இவள் ரயில் நிலையத்துக்கு வரவில்லை என்பதுதான் வழக்கு. அதற்கு முந்தின மாலை அவனிடம் இவள் சொல்லியிருந்தாள்: வழியனுப்ப வரமாட்டேன், வழியனுப்புவது என்றால் போவதற்குச் சம்மதம் என்று ஆகும், திரும்பி வரும் நாளைச் சொல், கூட்டிக்கொண்டு போக வருகிறேன். அவன் சிரித்துக்கொண்டே சரி என்றான். அவன் அம்மா சிரிக்கவில்லை. கட்டிக்கப்போகிறவள் கடைசி மணி அடிக்கும்வரை வரவில்லை என்பதை வார்டில் பிள்ளை பெற வந்த அத்தனை பேருக்கும், வலிக்கு நடுவில்கூட, அவள் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்குப் பின்னாலிருந்த ஊழியர் குடியிருப்பில், ஒரு கட்டிலும் ஒரு சன்னலுமான அறையின் வாசலில் கத்திரி போய் நின்றாள். கொடியில் நான்கு வெள்ளைச் சீருடைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"என்ன மகராசி, வழி தெரிஞ்சுதா? ரயிலுக்கு வரத் தெரியலை, இங்க வரத் தெரியுதா?"

அவள் உள்ளே போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். பிறகு முப்பத்தோராவது கடிதத்தை எடுத்து, ஒரு வார்த்தையும் விடாமல் வாசித்தாள். பாதி மறைத்துச் சொல்லி ஒருவரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமல்ல என்று வழிநெடுக யோசித்து வைத்திருந்தாள்.

"நெட்டையன் இன்று என்னை உட்காரவைத்து ஒரு கடிதம் எழுதச் சொன்னான். பெரிய பெரிய வார்த்தைகளாகச் சொன்னான். நிலையத்தில் அவள் அழுததில் தொடங்கி, கதவைத் தாழ் போடாதே என்பதுவரை, சொன்னது சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். சொன்னதைச் செய்யமாட்டான். ஆனால் ஒருத்தியிடம் சொல்லாமல் இருந்தால் நாளை அவனால் எழுந்து நிற்க முடியாது. எழுதி முடித்ததும் இரண்டு ரொட்டி தின்றான். என் கை பிறருக்கு இப்படியெல்லாம் உழைக்கிறது, கத்திரி; உனக்கு எழுதும்போது மட்டும் மக்கர் செய்கிறது."

அத்தை முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"நெட்டையனா? போன மாசம் அவனுக்குப் பொண்ணு பொறந்துச்சு. நான்தான் குளிப்பாட்டினேன்." பிறகு சொன்னாள்: "இருந்தா என்ன. பேரைச் சொல்லு. சொன்னா முடிஞ்சுது."

"சொன்னா அவனைக் கூப்பிடுவாங்க அத்தை. காலில்லாதவனைக் கொண்டுபோய் மூணாவது பட்டியல்ல எழுதுவாங்க."

"அவன் இருக்கான்டி. எம்புள்ள இல்லை."

"உங்க புள்ள அன்னிக்கு அவனுக்குப் பதிலா காவலுக்குப் போனான். எதுக்குப் போனான்? அவன் ஓடிடக் கூடாதுன்னு போனான். அவன் போய்க் காப்பாத்தினதை நான் பிடிச்சுக் குடுக்கணுமா?"

"அதை முடிவு பண்ண நீ யாரு? கட்டிக்கிட்டவளா?"

"இல்லை" என்றாள் கத்திரி. அத்தை எழுந்து சன்னலுக்குப் போய், காய்ந்த சீருடைகளைக் கொடியிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்தாள். செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றாள். வந்து என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், நீ சொல்லித்தர வேண்டாம் என்றாள். எதைச் சொல்லப் போகிறாள் என்று அந்த முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், கத்திரி வெட்டு மேசையைத் துடைத்துவிட்டு முப்பத்தோராவது கடிதத்தை விரித்தாள். அதில் தணிக்கைக்காரனின் சன்னல்கள் மூன்று. முதல் வரியில் ஓர் ஊர்ப் பெயர் போயிருந்தது. நடுவில் எதுவோ, அவளால் ஊகிக்க முடியாதது. கடைசியில் ஒரு தேதி. அந்த மூன்று ஓட்டைகளின்மீதும் அவளுக்கு நெடுநாள் கோபம் இருந்தது. அவன் சொன்னதில் எதையெல்லாம் எவனோ ஒருவன் பிளேடால் எடுத்துக் குப்பையில் போட்டான் என்று எண்ணி, சில நாட்களில் கடிதத்தை வாசிக்காமல் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, 'நெட்டையன்' என்ற வார்த்தையைச் சுற்றி, ஒரே இழுப்பில், மூலை நான்கும் செங்கோணமாக வெட்டினாள். விரல்நகம் அளவுத் துண்டு. அதில் அவன் எழுத்துகள் ஐந்து இருந்தன. 'நெ' எழுதும்போது கொம்பை அவன் எப்போதும் கொஞ்சம் உயர்த்திப் போடுவான், இதிலும் போட்டிருந்தான். சூடாகிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைத் திறந்து துண்டைக் கரியின்மேல் வைத்தாள். அது சுருண்டு, ஒரு கணம் சிவந்து, இல்லாமற்போயிற்று. பிறகு பெட்டியை மூடி, காத்திருந்த எட்டுச் சட்டைகளுக்கும் இஸ்திரி போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். உறையைத் திருப்பி மூலையைப் பார்த்தார். பிறகு தாளைச் சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து எண்ணினார்.

"உறையில மூணுன்னு இருக்கு. இதுல நாலு இருக்கே."

"நாலாவது என்னுது."

அறையின் ஓரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை எடுத்தார்.

"ஓரத்தைப் பாருங்க சார்" என்றாள் அவள். "உங்க ஆள் பிளேடால இழுத்திருக்காரு, மூணுலயும் பிசிறு நிக்குது. ஒண்ணு கோணல் வேற. என்னுதுல பிசிறு இருக்காது."

அவர் மறுபடி பார்த்தார். அவள் சொன்னது உண்மையாக இருந்தது.

"துண்டு எங்க?"

"எரிச்சாச்சு."

சாட்சிப் பத்திரத்தைச் சிதைப்பது குற்றம் என்றார் அதிகாரி. அவள்மீது நடவடிக்கை எடுக்க இடமிருக்கிறது என்பதை, எந்தப் பிரிவின் கீழ் என்பதோடு சேர்த்துச் சொன்னார்.

"எடுங்க. எம்பேரை முழுசா எழுதிக்குங்க. அதை யாரும் வெட்ட வேண்டாம்."

அவர் எழுதிக்கொண்டார், எழுத்துக்கூட்டிக் கேட்டே எழுதினார். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினார். துவைத்து மடித்த சீருடையில், இரவுப் பணி முடித்த கண்களோடு அவள் உட்கார்ந்திருந்தாள். நிலையத்தில் அன்று யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். அத்தைக்கு இந்தக் கேள்விக்கான விடை இரண்டு ஆண்டுகளாக நாக்கின் நுனியில் இருந்தது. ரயில் எட்டு பத்துக்கு. நாங்கள் ஏழரைக்கே போய்விட்டோம். நானும் வெளியூரிலிருந்து வந்த என் தம்பியும் மட்டும். பிள்ளை படிக்கட்டில் நின்றுகொண்டு கூட்டத்துக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தான். வரமாட்டாள் என்று தெரிந்தேதான் பார்த்தான். மணி அடித்தது. வரவில்லை. கொடி காட்டினார்கள். வரவில்லை. கடைசிப் பெட்டியும் போனது, அப்போதும் வரவில்லை. சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. தட்டச்சுக்காரரால் தொடர முடியவில்லை. சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு யாராவது கூட நடந்தார்களா என்று அதிகாரி கேட்டார்.

"இவளா? இவ பிடிச்சிருந்தா நான் எதுக்கு சார் ரெண்டு வருஷமா இவகூடப் பேசாம இருக்கேன்? வேணும்னா வார்டுல வந்து கேளுங்க. பொறந்த குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

அந்த வாக்குமூலத்தில் கத்திரிக்கு ஆதரவான சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவேதான் அதிகாரி அதை நம்பினார் என்பது அவர் எழுதிய வேகத்தில் தெரிந்தது. முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமலே, மிகச் சாதாரணமான குரலில் கேட்டார்:

"இந்த நாலாவது வெட்டு இருக்கே, அந்த இடத்துல என்ன பேர் இருந்துச்சு அம்மா? உங்களுக்கு வாசிச்சுக் காட்டினாங்களா?"

"காட்டினா."

கத்திரி மேசையின் ஓரத்தைப் பார்த்தாள். மரத்தில் ஒரு கீறல் இருந்தது. அத்தை மடியில் கிடந்த கையை மறு கையால் தடவிக்கொண்டாள். வெந்நீரிலும் சோப்பிலும் முப்பது ஆண்டுகளாக ஊறி ஊறி விரல்நுனிகள் வெளுத்துப்போன கைகள்.

"முப்பது வருஷமா பிரசவ வார்டு சார். கத்தல் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மந்தம். அந்தப் பேரு சரியா விழலை."

"மத்ததெல்லாம் சரியா விழுந்திருக்கே."

"மத்தது எம்புள்ளையைப் பத்தினது."

அதிகாரி அவளை நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள். மருத்துவர்களையே அப்படிப் பார்த்துப் பழகியவள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். முடிவு எழுத்தில் தெரிவிக்கப்படும் என்றார். வெளியே வந்து தெருமுனைவரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பிரியும் இடத்தில் அத்தை, உன் மேலங்கியில் ஊசி குத்தியே இருக்கிறது, எடுத்துவிட்டு நட, எவன்மேலாவது கிழிக்கப் போகிறாய் என்றாள். இரண்டு ஆண்டுகளில் அவள் நேராகச் சொன்ன முதல் நல்வார்த்தை அது.

அழைப்பு ஏப்ரல் ஒன்பதாம் தேதிக்கு வந்தது. வியாழன், காலை பதினொரு மணி, சுள்ளென்ற வெயில். அதிகாரி தாளைத் தட்டச்சு இயந்திரத்திலிருந்து அப்போதுதான் உருவி வாங்கியிருந்தார். கையெழுத்துப் போடுமுன் விதிப்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். பிடிபட்ட கடிதம் மேற்படி படைவீரர் தமக்காக எழுதியதல்ல என்று கொள்ளப் போதிய ஆதாரம் இருக்கிறது. பணியிலிருந்து ஓடியவர் என்ற பதிவு நீக்கப்படுகிறது. அவர் பெயர் காணாமற்போனவர்கள் வரிசையில் சேர்க்கப்படும். இரண்டாவது பத்தியில், மனுதாரர் ஆவணத்தைச் சிதைத்ததற்கான கண்டனம், அவளுடைய முழுப் பெயருடன், பிழையில்லாமல் இருந்தது. வாசித்து முடித்து, பேனாவை மையில் தோய்த்து, அவசரமில்லாமல் கையெழுத்திட்டார். ஈர மையை ஒற்றியெடுக்கும் தாள் தீர்ந்துவிட்டது என்று தட்டச்சுக்காரர் முணுமுணுத்தார்.

"காணாமற்போனவர்னா?" அத்தை அதிகாரியைக் கேட்கவில்லை, பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"இன்னும் வந்து சேரலைன்னு அர்த்தம், அத்தை."

அதிகாரி திருத்த வாயெடுத்தார், பிறகு திருத்தவில்லை. முடிவை இரத்த உறவுடையவர் கையில்தான் தர வேண்டும் என்பது விதி. எழுந்து நின்று தாளை அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவ கையில குடுங்க. எங்கைல ஈரம்."

தாள் கைமாறியது. கையெழுத்தின் கடைசி வளைவில் மை இன்னும் உருண்டு பளபளத்துக்கொண்டிருந்தது. கத்திரி அதை இரண்டு கைகளாலும் இரு ஓரங்களில் பிடித்து, ஒரு பக்கமும் சாயாமல், விளிம்புவரை நீர் நிறைந்த தட்டை ஏந்துவதுபோல் நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டாள். அத்தை முன்னால் போய்த் தோளால் கதவைத் தள்ளித் திறந்து பிடித்தாள். வெயில் உள்ளே வந்து தாளின்மேல் விழுந்தது.